வகுப்பு வேலைகள்: யாருக்கு, எப்படி, எதுவரை

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை 'அ' எழுதப் பழகுவதற்கு முன்பே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிடும். இந்த வகுப்பில் டீச்சர் யாரைக் கூப்பிடுவார், யாரைக் கூப்பிடமாட்டார் என்பதுதான் அது. டஸ்டர் எடுத்து வர, நோட்டுகளைக் கொடுக்க, பக்கத்து வகுப்பில் சாக்பீஸ் வாங்கி வர, சுற்றறிக்கையைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோக என்று ஜூன் மாதம் கூப்பிட்ட அதே நான்கைந்து பெயர்களைத்தான் பெரும்பாலான வகுப்புகளில் மார்ச் மாதமும் கூப்பிடுகிறோம். அவர்கள் சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறவர்கள், முன்வரிசைக்காரர்கள், கொட்டாமல் சிந்தாமல் முடிப்பவர்கள். ஆசிரியருக்கு வேலை நடந்துவிடுகிறது. மற்ற பிள்ளைகளுக்கு அந்த வகுப்பு வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது.

1 முதல் 3 வகுப்பு வரை பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கானது இந்த அத்தியாயம். வகுப்பு வேலைகளை முறைவைத்து எல்லோருக்கும் கொடுப்பது எப்படி, எந்த வேலையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்பதைப் பார்க்கப்போகிறோம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையைப் பரிசாகக் கொடுத்தாலும் கெடும், தண்டனையாகக் கொடுத்தாலும் கெடும். சாப்பாட்டு மணி எல்லோருக்கும் அடிப்பதைப்போல வேலையும் எல்லோருக்கும் வர வேண்டும்.

எது வேலை?

வேலைப் பட்டியல் போட உட்காரும் ஆசிரியர் பெரும்பாலும் பதவிப் பட்டியல் போட்டுவிடுகிறார். வகுப்புத் தலைவர், துணைத்தலைவர், சுகாதார அமைச்சர், விளையாட்டு அமைச்சர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆறு வயது சுகாதார அமைச்சர் திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. சட்டையில் பேட்ஜ் குத்திக்கொள்வதோடு அந்தப் பதவி முடிந்துவிடும்.

ஒரு வேலை வேலைதானா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. இன்று அது நடக்காமல் போனால் யாருக்காவது தெரியுமா என்று கேட்டுப்பாருங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றாவிட்டால் மூன்றாம் நாள் இலை தொங்கிவிடும். நேற்றைய தேதியை அழிக்காவிட்டால் முப்பது நோட்டிலும் நேற்றைய தேதி ஏறும். வாசலில் செருப்பு தாறுமாறாகக் கிடந்தால் இடைவேளைக்கு ஓடுகிற பிள்ளை தடுக்கி விழும். இவையெல்லாம் வேலை. 'ஒழுக்கத்தைக் கவனிப்பவர்' என்பது வேலை அல்ல. அது இன்னொரு பிள்ளையின் மீது கொடுக்கப்படும் அதிகாரம். அதைப் பற்றிப் பின்னால் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

நம் பள்ளிகளில் உண்மையாகவே தேவைப்படும் வேலைகளைச் சொல்கிறேன். கரும்பலகை துடைப்பது, தேதியும் கிழமையும் மாற்றுவது, நோட்டுகளைச் சேர்ப்பது, திருப்பிக் கொடுப்பது, அட்டைகளும் மணிகளும் வைத்த தட்டுகளை எடுத்து வைப்பது, வாசிப்பு மூலைப் புத்தகங்களை அடுக்குவது, பென்சில் சீவலுக்கான டப்பாவைக் குப்பைத்தொட்டியில் கொட்டுவது, செருப்பு வரிசை, தண்ணீர் பாட்டில்களை வரிசையாக வைப்பது, கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா என்று பார்த்து வந்து சொல்வது, வகுப்பை விட்டு எல்லோரும் வெளியே போகும்போது ஃபேன், லைட் நினைவூட்டுவது, நேற்று வராத பிள்ளைக்கு நேற்று என்ன நடந்தது என்று சொல்வது. கடைசியில் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மூன்று நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு வரும் பிள்ளைக்கு, "வா, நாங்க இந்தப் பாட்டு படிச்சோம்" என்று சொல்ல ஒருவர் இருப்பது பெரிய விஷயம்.

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது தலை எண்ணும் வேலை. ஒவ்வொரு நாளும் காலையில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று சத்துணவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். வருகையைச் செயலியில் பதிவது ஆசிரியர் வேலை. அதைப் பிள்ளையிடம் கொடுக்க முடியாது. ஆனால் நீங்கள் பதிவதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் எண்ணட்டும். ஒருவர் பையன்களை, இன்னொருவர் பெண்களை. பிறகு இரண்டையும் கூட்டிச் சொல்லட்டும். ஒன்றாம் வகுப்பில் ஆகஸ்ட் மாதம் வரை கணக்குத் தப்பத்தான் செய்யும். தன்னை எண்ண மறந்துவிடுவார்கள். "டீச்சர், இருபத்தி நாலு" என்று வந்து நிற்பார்கள். "உன்னை எண்ணினியா கண்ணு?" என்று கேட்டால் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு ஓடிப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்கள். இருபத்தி நாலோடு ஒன்றைச் சேர்த்தால் போதும் என்று ஒரு நாள் அவர்களுக்கே தோன்றும். அந்த நாள் வரும்வரை சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் சொன்ன எண்ணும் உங்கள் வருகைப் பதிவும் ஒத்துப்போனால், அந்த எண்ணை அவர்களே சத்துணவு அமைப்பாளர் அக்காவிடம் போய்ச் சொல்லி வரட்டும். தான் எண்ணிய எண்ணுக்குச் சோறு வேகிறது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

உயரம் என்ற சிக்கல்

வேலை கொடுத்தும் பிள்ளைகள் செய்யாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம், பொருள் இருக்கும் உயரம். கரும்பலகையின் மேல்பாதி எட்டாது. அலமாரியின் இரண்டாவது தட்டு எட்டாது. ஸ்விட்ச் எட்டாது. எட்டாததால் உயரமான பிள்ளையைக் கூப்பிடுகிறோம். பழையபடி அதே நான்கு பேர்.

செயல்வழிக் கற்றல் முறை 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் பரவியபோது அதன்மேல் பல குறைகள் சொன்னார்கள். சில நியாயமானவை. ஆனால் அது வகுப்பறைக்குள் கொண்டுவந்த ஒரு மாற்றத்தை யாரும் மறுக்க முடியாது. சுவரின் கீழ்ப்பகுதி முழுக்கப் பிள்ளைகளுக்கான கரும்பலகை வந்தது. அட்டைகள் பிள்ளை கைக்கு எட்டும் தட்டுகளுக்கு இறங்கின. தன் வருகையைத் தானே குறிக்கும் அட்டவணை வந்தது. தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி அவர்கள் வரைந்ததைத் தொங்கவிட்டார்கள். அட்டையைப் பிள்ளையே எடுத்தது, பிள்ளையே திருப்பி வைத்தது. 'எடுத்துக் கொடு' என்று கேட்க வேண்டிய தேவை பாதியாகக் குறைந்தது. முறை மாறிவிட்டது, பல பள்ளிகளில் அந்தக் கீழ்க் கரும்பலகை இன்னும் இருக்கிறது. அதன் முன்னால் பீரோவை நகர்த்தி வைத்திருந்தால் முதல் வேலையாகப் பீரோவை எடுங்கள்.

கருவியும் கைக்கு அடங்க வேண்டும். மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய முறையில் தண்ணீர் ஊற்றுவது, மேசை துடைப்பது எல்லாம் பாடத்தின் பகுதி. அதற்கான குவளையும் துணியும் பிள்ளையின் கை அளவுக்கே இருக்கும். அதற்காக விலை உயர்ந்த சாமான் எதுவும் வாங்க வேண்டாம். செடிக்கு ஊற்ற அரை லிட்டர் பாட்டில், மூடியில் நான்கு ஓட்டை. துடைக்கப் பழைய பனியனைக் கைக்குட்டை அளவுக்கு வெட்டிய துணி. ஒரு வாளித் தண்ணீரை ஆறு வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, சிந்திவிட்டாய் என்று திட்டுவதில் அர்த்தமே இல்லை.

எத்தனை பேர், எத்தனை நாள்

முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்குப் பத்து வேலைகள் போதும். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர். இருபது பேர் வேலையில் இருப்பார்கள், பத்துப் பேருக்கு அந்த வாரம் ஓய்வு. யாராவது வராவிட்டால் ஓய்வில் இருப்பவர் ஒருவர் அந்த இடத்துக்குப் போவார். முப்பது பேருக்கும் முப்பது வேலை என்று இழுத்துப் பிடித்து உருவாக்காதீர்கள். கடைசிப் பத்து வேலைகள் வெறும் பெயராகத்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

இரண்டு பேரையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒவ்வொரு வேலையிலும் ஒருவர் விலகி, புதிதாக ஒருவர் வருவார். அப்போது ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையில் இரண்டு வாரம் கிடைக்கும். முதல் வாரம் கற்றுக்கொள்வார், இரண்டாம் வாரம் கற்றுக்கொடுப்பார். நீங்கள் ஜூன், ஜூலையில் சொல்லிக்கொடுத்ததோடு சரி. அதன்பிறகு வேலை ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குத் தானாகவே போய்ச் சேரும். எல்லோரையும் ஒரே நாளில் மாற்றினால் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் சந்தைக்கடையாக இருக்கும், பாடம் பத்தரைக்குத்தான் தொடங்கும்.

ஈராசிரியர் பள்ளிகளில் 1, 2, 3 வகுப்புகள் ஒரே அறையில் இருக்கும். பன்னிரண்டு, பதினைந்து பிள்ளைகள். அங்கே ஆறு வேலை போதும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையையும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையையும் ஜோடி சேருங்கள். ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறையைத் தாங்களே சுத்தம் செய்வது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அங்கே பல பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பு அண்ணன்களும் அக்காக்களும் வந்து எப்படிச் செய்வது என்று கூடவே நின்று காட்டுகிறார்கள். கற்றுக்கொடுக்கும் வேலை முழுவதையும் ஆசிரியர் தன் தலையில் சுமப்பதில்லை.

ஒன்றாம் வகுப்பில் பள்ளி திறந்த உடனே தொடங்க வேண்டாம். அழுகை ஓய்ந்து, கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே என்று தெரிந்து, பிள்ளைகள் இடம் பிடித்து உட்காரும்வரை பொறுத்திருங்கள். மூன்றாவது வாரம் இரண்டே வேலையோடு தொடங்கி வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். 2, 3 வகுப்புகளில் முதல் வாரமே தொடங்கலாம்.

பலகை

யாருக்கு எந்த வேலை என்பது உங்கள் மனதில் இருந்தால் போதாது, சுவரில் இருக்க வேண்டும். சுவரில் இல்லாவிட்டால் வாயில் முதலில் வரும் பெயரைக் கூப்பிடுவீர்கள். முதலில் வரும் பெயர் எது என்று நமக்குத் தெரியும்.

தினசரிக் காலண்டரின் பழைய அட்டைகள் இரண்டை ஒட்டினால் ஒரு பலகை ஆயிற்று. இடப்பக்கம் வேலைகளின் படம்: டஸ்டர், செடி, செருப்பு, நோட்டு. படத்துக்குக் கீழே வேலையின் பெயர் பெரிய எழுத்தில். வலப்பக்க ஓரத்தில், துணி காயப்போடும் கிளிப்புகள். ஒவ்வொரு கிளிப்பிலும் ஒரு பிள்ளையின் பெயரும் அந்தப் பிள்ளையே தேர்ந்தெடுத்து வரைந்த அடையாளமும். மீன், மாம்பழம், ஆட்டோ, அருவாள் என்று எதையாவது வரைவார்கள், தடுக்காதீர்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்குத் தன் மீனைத் தெரியும். மீனுக்குப் பக்கத்தில் இருப்பது தன் பெயர் என்று பார்த்துப் பார்த்தே படித்துவிடும். கடையில் விற்கும் வட்டச் சுழல்பலகை பார்க்க அழகு. ஆனால் அதைச் சுற்றினால் எல்லோரும் ஒரே நேரத்தில் மாறிவிடுவார்கள், ஒருவர் வராவிட்டால் நகர்த்த வழியில்லை. கிளிப்தான் சரி. பலகையைப் பிள்ளையின் கண் உயரத்தில் மாட்டுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து இந்த வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி நடக்கிறது. அது கற்பித்தலுக்கான பிரிப்பு. மலர் நிலைப் பிள்ளைகள் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்; அரும்புப் பிள்ளைகள் இன்னும் எழுதிக்கொண்டிருப்பார்கள். கண்ணில் படுகிற மலரைக் கூப்பிட்டு, "இதை அடுக்கிட்டு வாப்பா" என்று சொல்வது இயல்பாகவே நடந்துவிடும். ஒரு மாதம் இப்படிப் போனால் நிலையும் வேலையும் ஒட்டிக்கொண்டுவிடும். பலகையில் அரும்பு, மொட்டு, மலர் நிறம் எதையும் காட்டாதீர்கள். படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு வகுப்பில் தலைநிமிர ஒரு இடம் வேண்டும். பல நேரம் இந்தப் பலகைதான் அந்த இடம்.

வேலையைச் சொல்லித்தருவது

'கரும்பலகையைத் துடை' என்றால் பிள்ளை கை எட்டும் இடத்தில் வட்டவட்டமாகத் தேய்த்துவிட்டு வந்துவிடும். வட்டத்துக்கு வெளியே நேற்றைய கணக்கு அப்படியே இருக்கும். குறை பிள்ளையிடம் இல்லை. துடைப்பது எப்படி என்று யாரும் காட்டவில்லை.

காட்டும்போது பேசாமல் செய்து காட்டுங்கள். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், ஒவ்வொரு பட்டையாக. பிறகு பிள்ளையோடு சேர்ந்து செய்யுங்கள். பிறகு பின்னால் நின்று பாருங்கள். மூன்று நாளில் முடிந்துவிடும். துடைத்த டஸ்டரைத் தட்டுவதும் வேலையின் பகுதி. நம் பள்ளிகளில் வெளிச்சுவரைப் பாருங்கள். ஜன்னலுக்குக் கீழே டஸ்டர் அளவில் வெள்ளை வெள்ளையாகச் செவ்வகங்கள் இருக்கும். ஆண்டுக்கணக்காகப் பிள்ளைகள் சுவரில் அடித்த தடம். அடிக்கும்போது கிளம்புகிற தூள் நேராக முகத்துக்குத்தான் போகும். வீசிங் உள்ள பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். மற்றவர்களும் ஈரத் துணியால் துடைப்பதே நல்லது.

நோட்டுக் கொடுக்கும் வேலையையும் சற்றுக் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் நோட்டை மேசையில் வீசிவிட்டுப் போவார்கள், குறிப்பாகப் பிடிக்காத பிள்ளையின் நோட்டை. பெயரைச் சொல்லி, கையில் கொடுக்க வேண்டும் என்று பழக்குங்கள். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளை இடக்கையால் நீட்டினால் அதைக் குற்றமாக்காதீர்கள். வாங்குகிற பிள்ளை முகம் சுளித்தால் அங்கேயே பேசி முடித்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். விலகப்போகிறவர் புதிதாக வருபவருக்கு வேலையைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லட்டும். "தண்ணி நிறைய ஊத்துனா மண்ணு வெளிய வந்துடும், பாத்து ஊத்து." "குட்டிப் புக்கை முன்னாடி வை, இல்லாட்டி தெரியாது." நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பிள்ளையும், தான் இரண்டு வாரம் செய்த வேலையைப் பற்றி என்றால் பேசிவிடும். பேசுதல் திறனுக்கென்று தனியாக ஒரு செயல்பாடு தேட வேண்டியதில்லை.

பாராட்டில் சிக்கனமாக இருங்கள். ஸ்டார் வேண்டாம், இந்த வாரத்தின் சிறந்த உதவியாளர் வேண்டாம். போட்டி வந்துவிட்டால் வேலை பின்னால் போய்விடும். நடந்ததைப் பார்த்தேன் என்று சொன்னால் போதும்: "கிழமையை மாத்த மறக்கல, பரவாயில்லையே."

பேசுகிறவர் பெயரை எழுதும் வேலை

இது நம் பள்ளிகளில் மட்டும் இருக்கும் வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் நம் பள்ளிகளில் படித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆசிரியர் வெளியே போகிறார். லீடர் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறார். பேசுகிறவர் பெயர் கரும்பலகையில் ஏறுகிறது. மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. நண்பன் பெயர் ஏறாது. மிட்டாய் கொடுத்தவன் பெயர் அழிக்கப்படும். நேற்றைய சண்டைக்காரன் பெயர், அவன் வாயே திறக்காவிட்டாலும் ஏறும். ஆசிரியர் வந்ததும் பட்டியலைப் பார்த்து விசாரணை இல்லாமல் தண்டனை. சில இடங்களில் லீடர் கையிலேயே குச்சியும் இருக்கும்.

ஏழு வயதுப் பிள்ளைக்கு நாம் இதில் என்ன கற்றுக்கொடுக்கிறோம்? அதிகாரம் கையில் கிடைத்தால் வேண்டியவரைக் காப்பாற்றலாம், வேண்டாதவரை மாட்டிவிடலாம் என்பதைத்தான். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ம் பிரிவில் பிள்ளைகளுக்கு உடல் தண்டனையும் மன உளைச்சலும் கொடுப்பதைத் தடை செய்கிறது. நாம் செய்யக் கூடாததை இன்னொரு பிள்ளையின் கையால் செய்ய வைத்துவிட்டு, நான் அடிக்கவில்லையே என்று சொல்ல முடியாது.

இதற்குப் பதில் என்ன? நீங்கள் வெளியே போகும் ஐந்து நிமிஷத்துக்குப் பிள்ளைகளுக்குச் செய்ய ஏதாவது கொடுத்துவிட்டுப் போங்கள். ஒருவர் பாட்டுச் சொல்ல மற்றவர்கள் பின்னால் சொல்லலாம். படக்கதைப் புத்தகத்தைக் காட்டி ஒரு பிள்ளை கதை சொல்லலாம். பேசத்தான் செய்வார்கள். பேசட்டும். சத்தம் அதிகமாகிவிட்டால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார், அவ்வளவுதானே.

கொடுக்கக் கூடாதவை

கழிப்பறை கழுவும் வேலை எந்தப் பிள்ளைக்கும் கிடையாது. ஒரு நாள் மட்டும், பணியாளர் வரவில்லை, அதிகாரி வருகிறார் என்று எந்தக் காரணத்துக்கும் கிடையாது. பட்டியல் சாதிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக் கழிப்பறை கழுவ வைத்ததற்காகத் தமிழ்நாட்டில் தலைமையாசிரியர்கள் கைது செய்யப்பட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். ஜப்பானில் பிள்ளைகள் எல்லாவற்றையும் துடைக்கிறார்களே என்று இந்த இடத்தில் ஒருவர் கேட்பார். அங்கே குறித்த நேரம் வந்ததும் வகுப்பு முழுவதும் ஒன்றாக எழுந்து துடைக்கிறது. நம்மூரில் துடைப்பத்துக்குச் சாதி உண்டு, யார் கைக்குப் போக வேண்டும் என்று அதற்கு முன்பே தெரியும். அந்த வரலாறு இருக்கும்வரை துடைப்பத்தைப் பற்றி ஆசிரியர் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். என் கருத்து: தன் மேசை, தன் பென்சில் சீவல், தான் கிழித்த காகிதம், தான் சாப்பிட்ட தட்டு, இவற்றை எல்லாப் பிள்ளையும் தானே பார்த்துக்கொள்ளட்டும். அறையைப் பெருக்குவது இந்த வயதுப் பிள்ளைகளின் வேலை அல்ல.

தண்ணீர் விஷயத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அம்பேத்கர் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பள்ளிக் குழாயை அவர் தொடக் கூடாது. பியூன் திறந்துவிட்டால்தான் குடிக்கலாம். பியூன் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான். அது நூறு வருஷத்துக்கு முந்தைய கதை என்று விட்டுவிடாமல், உங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் குடிக்கும் தண்ணீரை எந்தப் பிள்ளைகள் கொண்டுவருகிறார்கள், எந்தப் பிள்ளைகளை யாரும் அனுப்புவதில்லை என்று ஒரு மாதம் கவனியுங்கள். யார் பெருக்குகிறார்கள் என்பதைப்போலவே யாரிடம் தண்ணீர் கேட்கிறோம் என்பதிலும் சாதி இருக்கும். பலகையில் முறைவைப்பதன் பெரிய பயன் இங்கேதான். கிளிப் நகர்கிறபடி கை மாறும். ஆசிரியரின் பழக்கம் குறுக்கே வராது.

ஆண், பெண் கணக்கும் இப்படித்தான். கோலம், பூ, பெருக்குவது பெண்பிள்ளைகளுக்கு. பெஞ்சு நகர்த்துவது, மணி அடிப்பது, கடைக்குப் போவது பையன்களுக்கு. பலகையில் கிளிப் போகிற போக்கில் போகட்டும். பையன் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவான், பெண் மணி அடிப்பாள். சிரிப்பவர்கள் இரண்டு வாரம் சிரிப்பார்கள்.

மற்றவை சுருக்கமாக. சூடான சாம்பார், சோற்றுப் பாத்திரம் பக்கம் பிள்ளைகள் போகக் கூடாது. பிளக்கைத் தொடக் கூடாது. ஸ்விட்ச் எட்டாத இடத்தில் பிள்ளை நினைவூட்டினால் போதும், போடுவதும் அணைப்பதும் ஆசிரியர். சாலையைக் கடந்து எதையும் வாங்கிவர அனுப்பக் கூடாது. உங்கள் டிபன் பாக்ஸ் கழுவுவது, டீ வாங்கி வருவது, ஃபோனை சார்ஜில் போடுவது எல்லாம் உங்கள் வேலைகள்.

வரும் சிக்கல்கள்

"டீச்சர், என் வேலையை அவன் செய்யறான்!" முதல் மாதம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இது வரும். தீர்ப்புச் சொல்லாதீர்கள். "பலகையைப் பாத்துட்டு ரெண்டு பேரும் வாங்க" என்று அனுப்புங்கள். பலகை தீர்த்துவைக்கும்.

மறக்கும் பிள்ளைக்காக நீங்கள் எழுந்து துடைத்துவிடாதீர்கள். துடைக்காத கரும்பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு சும்மா நில்லுங்கள். அரை நிமிஷத்தில் யாராவது அந்தப் பிள்ளையைத் தட்டுவார்கள்.

செய்யமாட்டேன் என்கிற பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஓய்வு வரிசைக்குப் போகட்டும். அடுத்த முறை அதுவாகவே கேட்கும். ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளைக்கு நடமாடும் வேலை பொருந்தும். ஆனால் தொல்லை விட்டது என்று நாள் முழுக்க வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தால் அது வேறு பெயரில் வெளியேற்றம். மாற்றுத்திறன் உள்ள பிள்ளையை இரக்கப்பட்டு வேலையிலிருந்து விலக்குகிறோம். நடக்கச் சிரமப்படும் பிள்ளை உட்கார்ந்த இடத்தில் நோட்டுகளை அடுக்கலாம், தலை எண்ணலாம். பேச்சு வராத பிள்ளை தேதி மாற்றலாம். கிளிப் இல்லாத பிள்ளை என்று வகுப்பில் ஒருவரும் இருக்கக் கூடாது.

பெற்றோர் கேட்பார்கள்: "எம் புள்ளைய படிக்க அனுப்புறேனா, வேலை செய்ய அனுப்புறேனா?" கோபப்படாதீர்கள், நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பின்னால் அவர்கள் பள்ளியில் பட்ட ஏதோ ஒன்று இருக்கலாம். அவர்களை வகுப்புக்குள் அழைத்துப் பலகையைக் காட்டுங்கள். எல்லாப் பெயரும் இருக்கிறது, எந்த வேலையும் ஒரே பெயரில் நிற்பதில்லை, துடைப்பம் எங்கும் இல்லை என்று அவர்களே பார்க்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு முறை பட்டியலைப் படித்துக் காட்டிவிடுவதும் நல்லது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். வரும் திங்கட்கிழமை தலை எண்ணும் வேலையையும் கரும்பலகை துடைக்கும் வேலையையும் மட்டும் நான்கு பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அந்த நால்வரில் இருவராவது, இதுவரை நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடாத பிள்ளைகளாக இருக்கட்டும். கரும்பலகையில் பெயர் எழுதும் வழக்கம் உங்கள் வகுப்பில் இருந்தால் அதற்குத் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.